கியோர்கி கோஸ்பொதினோவ்: பல்கேரிய எழுத்தாளரின் வாழ்வும் புத்தகங்களும் (விவாத இழை)

வைகைக்கரை எழுதியது:

2023ஆம் ஆண்டின் சர்வதேச புக்கர் பரிசை வென்றவர் பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி கோஸ்பொதினோவ். அந்த ஆண்டு நெடும்பட்டியலில் பெருமாள்முருகனின் 'பூக்குழி' ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தது. தமிழிலிருந்து அந்தப் பட்டியலுக்குள் போன முதல் நாவல் என்பதால் நம்மில் பலர் ஆவலோடு காத்திருந்தோம். குறும்பட்டியலில் அது இல்லை என்று தெரிந்ததும் நம் பேச்சும் நின்றுவிட்டது. கடைசியில் வென்ற நூல் எது, எழுதியவர் யார் என்று நமக்குள் யாரும் விரிவாகப் பேசவில்லை. நல்ல எழுத்தாளர் ஒருவரைத் தவறவிடக் கூடாது என்பதற்காக இந்த இழை.

முதலில் ஆளைப் பற்றி. 1968 ஜனவரி 7 அன்று தென்கிழக்குப் பல்கேரியாவில் யாம்போல் என்ற ஊரில் பிறந்தவர். சோபியா பல்கலைக்கழகத்தில் பல்கேரிய மொழியும் இலக்கியமும் படித்தார். 35 ஆண்டுகள் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையில் இருந்த தோதோர் ஷிவ்கோவ் 1989 நவம்பர் 10 அன்று பதவியிலிருந்து இறக்கப்பட்டபோது இவருக்கு 21 வயது. பிள்ளைப் பருவம் முழுக்க ஒரு அமைப்பில், வாலிபம் முழுக்க வேறொன்றில். இவருடைய எல்லாப் புத்தகங்களிலும் இந்த மாற்றம் ஏதோ ஒரு வடிவில் வந்துவிடுகிறது.

தொடக்கத்தில் கவிஞர். 1992இல் முதல் கவிதைத் தொகுப்பு, 1996இல் இரண்டாவது. 1999இல் 'இயற்கை நாவல்'. 2001இல் ஒரு சிறுகதைத் தொகுப்பு. 2011இல் 'துயரத்தின் இயற்பியல்'. 2020இல் புக்கர் வாங்கித் தந்த 'டைம் ஷெல்டர்', அதாவது 'காலப் புகலிடம்'. 2024இல் தந்தையின் மரணத்தைப் பற்றிய 'மரணமும் தோட்டக்காரரும்'. (தலைப்புகளின் தமிழாக்கம் என்னுடையது.)

என் வாதத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவரைப் பழைய நாட்களுக்கு ஏங்கும் எழுத்தாளர் என்று அறிமுகப்படுத்துகிறார்கள். எனக்கு அது பாதிக்கு மேல் தவறாகத் தோன்றுகிறது. தனி மனிதர்களின் சின்னச் சின்ன நினைவுகளை இவர் உயிராக நேசிக்கிறார். அதே கடந்த காலத்தைத் தேசமும் கட்சிகளும் மொத்தமாக எடுத்து மக்களிடம் விற்கும்போது இவருக்குப் பயம் வந்துவிடுகிறது. இந்த நேசமும் இந்தப் பயமும் ஒரே ஆளிடம் இருப்பதுதான் இவருடைய எழுத்தின் வலு.

உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

---

புதுவாசகன் எழுதியது:

நல்ல இழை. இவருடைய ஒரு புத்தகம்கூட நான் படித்ததில்லை. எதிலிருந்து தொடங்கலாம்? 'டைம் ஷெல்டர்' கதை என்ன என்று மேலோட்டமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பனைநிழல் எழுதியது:

கதையை நான் சொல்கிறேன், என் புகாரையும் சேர்த்தே சொல்கிறேன்.

கௌஸ்தின் என்று ஒரு மர்ம மனிதர். சூரிச் நகரில் அல்சைமர் நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை திறக்கிறார். அதில் ஒவ்வொரு தளமும் ஒரு பத்தாண்டுக் காலம். அறுபதுகளின் தளத்தில் அந்தக் காலத்து நாற்காலி, ரேடியோ, சிகரெட், செய்தித்தாள் எல்லாம் இருக்கும். நினைவு மங்கியவர்கள் தங்களுக்குப் பழக்கமான காலத்துக்குள் போய் அமைதி அடைகிறார்கள். கதைசொல்லி அவருடைய உதவியாளர், பழைய பொருள்களையும் வாசனைகளையும் தேடிப் பிடித்து வருபவர். கொஞ்ச நாளில் நோய் இல்லாதவர்களும் அங்கே வந்து தங்க ஆசைப்படுகிறார்கள். அப்புறம் நாடுகளுக்கே அந்த ஆசை வந்துவிடுகிறது. எந்தப் பத்தாண்டுக்குத் திரும்பிப் போகலாம் என்று ஐரோப்பிய நாடுகள் பொது வாக்கெடுப்பு நடத்துகின்றன.

முதல் பகுதி அபாரம். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வாக்கெடுப்பு தொடங்கியதும் நாவல் கட்டுரையாக மாறிவிடுகிறது. ஸ்வீடன் எதைத் தேர்ந்தெடுத்தது, ஸ்பெயின் எதைத் தேர்ந்தெடுத்தது என்று நாடு நாடாக ஒரு சுற்றுலா. நம் மனதில் பதிந்த நோயாளிகள் காணாமல் போகிறார்கள். கௌஸ்தினும் மறைந்துவிடுகிறார். யோசனை பெரிதாக இருக்கிறது, மனிதர்கள் சுருங்கிவிட்டார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரெக்ஸிட் நடந்த சமயத்துக்குப் பொருத்தமாக வந்த புத்தகம் என்பதால் பரிசு கிடைத்ததோ என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு.

இவர் நாவலாசிரியரா, அழகான குறிப்பேடு எழுதுபவரா? எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது.

---

வைகைக்கரை எழுதியது:

பனைநிழல், துண்டு துண்டாக எழுதும் பழக்கம் இவருக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அந்தப் புகாருக்குப் பாதிப் பதில் கிடைக்கும்.

தொண்ணூறுகளில் இவர் 'லிதரதூரன் வெஸ்ட்னிக்' என்ற சோபியா இலக்கிய இதழில் ஆசிரியர்களில் ஒருவர். அந்த இதழைச் சுற்றி ஒரு இளைஞர் கூட்டம் இருந்தது. பள்ளிப் பாடநூல்கள் வழியாகத் தலையில் ஏற்றப்பட்ட தேசிய இலக்கியத்தை, மகாகவிகளின் தொனியை, அப்படியே நையாண்டி செய்து மூன்று நண்பர்களோடு சேர்ந்து இரண்டு போலித் தொகுப்புகளைக் கொண்டுவந்தார், 1995இல் ஒன்று, 1998இல் இன்னொன்று. தங்களுக்குக் கற்பிக்கப்பட்ட பெரிய கதை பொய்யாகிப்போன தலைமுறை அது. மறுபடியும் ஒரு முழுக் கதையை, தொடக்கம் நடு முடிவு என்று அடுக்கிச் சொல்ல அவர்களுக்குக் கை வரவில்லை.

1996, 97இல் அங்கே வங்கிகள் கவிழ்ந்தன, பணவீக்கம் தலைக்கு மேல் போனது, சேமிப்பெல்லாம் கரைந்தது. அந்தச் சூழலுக்குப் பிறகு, 1999இல் 'இயற்கை நாவல்' வருகிறது. மனைவி வேறொருவரின் குழந்தையைச் சுமக்கிறாள், திருமணம் முறிகிறது. அந்த மனிதனால் அந்த வேதனையை நேராகச் சொல்ல முடியவில்லை. ஈக்களைப் பற்றிப் பேசுகிறான், கழிப்பறைகளின் வரலாற்றைப் பேசுகிறான், பிற நாவல்களின் தொடக்க வரிகளை மட்டும் கோத்து ஒரு நாவல் எழுத முடியுமா என்று யோசிக்கிறான். சொல்ல முடியாததைச் சுற்றிச் சுற்றி வருகிற ஒருவனின் பேச்சு அப்படித்தான் இருக்கும். அந்தத் துண்டுகள் இல்லாவிட்டால் அந்த வலி நமக்குத் தெரியாது.

'காலப் புகலிடம்' நாவலிலும் அதுவே. கதைசொல்லிக்கே நினைவு தப்பத் தொடங்குகிறது என்பதை மறக்கக் கூடாது. கடைசிப் பகுதி சிதறிப்போவது அவனுடைய மூளை சிதறுவதால்.

---

ரைன்நதி எழுதியது:

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். வேலை காரணமாகச் சோபியாவுக்குப் போய் வந்திருக்கிறேன். ஸ்லாவெய்கோவ் சதுக்கம் அந்த ஊரின் பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன இடம். கவிஞர்களான தந்தையும் மகனும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போன்ற சிலை அங்கே இருக்கிறது. மக்கள் சகஜமாக அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நாட்டில் எழுத்தாளர்களுக்கு இருக்கும் இடம் அதைப் பார்த்தாலே தெரியும்.

வைகைக்கரை சொன்ன 'நேசமும் பயமும்' என்பதற்கு நான் ஒரு சான்று தருகிறேன். நாவல்களைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள். 2006இல் கோஸ்பொதினோவ் ஒரு தொகுப்பு நூல் கொண்டுவந்தார். 'நான் சோசலிசத்தில் வாழ்ந்தேன்' என்று தலைப்பு. சாதாரண மக்கள் எழுதிய 171 சொந்தக் கதைகள். தலைவர்களின் வரலாறு அதில் இல்லை. வரிசையில் நின்றது, பள்ளியில் நடந்தது, வீட்டுக்குள் ரகசியமாகப் பேசியது, முதல் ஜீன்ஸ் மாதிரியான விஷயங்கள். அதே ஆண்டு யானா கெனோவாவோடு சேர்ந்து சோசலிசக் காலத்து அன்றாடப் பொருள்களுக்கு ஒரு பட்டியல் நூலும் வெளியிட்டார். சோப்பு, சிகரெட் பெட்டி, மிட்டாய் உறை, பொம்மை என்று வீட்டில் புழங்கிய சாமான்கள்.

இப்போது 'காலப் புகலிடம்' கதைசொல்லி செய்யும் வேலையை யோசித்துப் பாருங்கள். பழைய பொருள்களைத் தேடிப் பிடிப்பவன். நாவல் வருவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஆசிரியர் அந்த வேலையைத் தானே செய்து பார்த்துவிட்டார். பிறகு அதே பொருள்கள் அரசியல்வாதி கைக்குப் போனால் என்ன ஆகும் என்று நாவலில் கேட்கிறார். பல்கேரியாவில் வாக்கெடுப்பு நேரத்தில் இரண்டு கூட்டங்கள் மோதுகின்றன. ஒன்று சோசலிசக் காலம் திரும்ப வேண்டும் என்கிறது. இன்னொன்று நாட்டுப்புற உடையும் வாளுமாக, துருக்கியரை எதிர்த்த வீரர்களின் காலம் வேண்டும் என்கிறது. இரண்டுமே நாடகத் துணிமணிதான், உள்ளே மனிதர்கள் யாரும் இல்லை.

இதை அவரே ஒரு பேட்டியில் தெளிவாகச் சொன்னார். கம்யூனிசக் காலத்தில் ஒளிமயமான எதிர்காலத்தை விற்றார்கள், இப்போது வெகுஜனவாதிகள் ஒளிமயமான கடந்த காலத்தை விற்கிறார்கள் என்றார். பிரெக்ஸிட் வாக்கெடுப்பு நடந்த 2016ஐ ஒட்டி உலகத்தின் கடிகாரத்தில் ஏதோ பழுதாகிவிட்டதாக உணர்ந்ததும் இந்த நாவலுக்குத் தூண்டுதல் என்கிறார். அதனால் பனைநிழல், பிரெக்ஸிட் தற்செயலான பொருத்தம் இல்லை, அவர் எழுத உட்கார்ந்த காரணங்களில் அதுவும் ஒன்று.

இன்னொன்று. பல்கேரியாவின் மக்கள்தொகை எண்பதுகளின் இறுதியில் ஏறக்குறைய 90 லட்சம். 2021 கணக்கெடுப்பில் சுமார் 65 லட்சம். கிராமங்கள் காலியாகி, பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட நாட்டில் முதியவர்கள் பழைய காலத்தைப் பேசுவதைச் சும்மா ஏக்கம் என்று தள்ளிவிட முடியாது. அந்த ஏக்கத்துக்கு நியாயம் இருக்கிறது என்பதும் இவருக்குத் தெரியும்.

---

இரவுவாசகி எழுதியது:

வணக்கம். நான் அதிகம் எழுதுவதில்லை, படித்துவிட்டுப் போய்விடுவேன். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அம்மாவுக்கு மறதி நோய் வந்த பிறகுதான் இந்த நாவலைப் படித்தேன். இன்றைக்குக் காலையில் சாப்பிட்டது ஞாபகம் இருக்காது. கல்யாணத்துக்கு முன்பு தெருவில் யார் யார் வீடு இருந்தது என்று வரிசையாகச் சொல்வார். அவர் சொல்வதைத் திருத்தக் கூடாது, கூடவே அந்தத் தெருவில் நடந்து போக வேண்டும் என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது. கௌஸ்தினின் மருத்துவமனை அதைத்தான் செய்கிறது. இது வெறும் கற்பனையும் கிடையாது. பழைய பொருள்கள், பாட்டுகள் மூலம் நினைவைத் தொடும் சிகிச்சைமுறை நிஜமாகவே உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லம், கிழக்கு ஜெர்மனிக் காலத்துக் கடை, சமையலறைச் சாமான்களோடு அறைகளை அமைத்த செய்தி சில ஆண்டுகளுக்கு முன்பு வந்தது.

நாவலில் என்னை உலுக்கிய பகுதி திரு. என். பற்றியது. அவர் பழைய ஆட்சியில் கண்காணிக்கப்பட்டவர். இப்போது தன் வாழ்க்கையே அவருக்கு நினைவில் இல்லை. கூடப் பழகியவர்கள் யாரும் மிச்சமில்லை. அவருடைய வாழ்க்கையைத் தெரிந்த ஒரே ஆள், அந்தக் காலத்தில் அவரைப் பின்தொடர்ந்து குறிப்பு எழுதிய உளவுத்துறை ஏஜென்ட். அந்த ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள். அவன் வந்து உட்கார்ந்து, நீங்கள் இன்ன நாளில் இன்ன உடை போட்டிருந்தீர்கள், இன்ன தெருவில் திரும்பினீர்கள், இந்தப் பெண்ணைச் சந்தித்தீர்கள் என்று அவருடைய வாழ்க்கையை அவருக்கே எடுத்துச் சொல்கிறான். அவனும் கிழவன். இருவரும் நண்பர்கள் போல் ஆகிவிடுகிறார்கள்.

ஒருவனைக் கெடுக்க எழுதிய குறிப்புதான் கடைசியில் அவனுக்கு மிஞ்சிய ஒரே நினைவு. சர்வாதிகாரத்தைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். இப்படி ஒரு கோணத்தை எங்கும் பார்த்ததில்லை. அந்த ஏஜென்ட் மேல் கோபப்படவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

அதே மருத்துவமனையில் வதைமுகாமிலிருந்து தப்பிய ஒரு பெண்மணியும் வருகிறார். குளியலறையைக் கண்டாலே அவருக்கு நடுக்கம். அவருக்கு எந்தக் காலத்தைத் திருப்பித் தருவது? எல்லா நினைவும் மருந்தாகிவிடாது என்பதை அந்தச் சின்ன இடத்தில் வைத்துவிட்டுப் போகிறார் ஆசிரியர்.

---

பனைநிழல் எழுதியது:

இரவுவாசகி அக்கா, அம்மாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி. திரு. என். பகுதிதான் அந்த நாவலின் உச்சம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. என் மனக்குறையே அதனால்தான். இப்படிப்பட்ட ஐந்தாறு மனிதர்களைக் கடைசிவரை கொண்டுபோயிருந்தால் அது பெரிய நாவல். முதல் பாதியில் நிஜமான முகங்களைக் காட்டிவிட்டு, இரண்டாம் பாதியில் கொடிகளையும் ஊர்வலங்களையும் காட்டுகிறார். கதைசொல்லியின் மூளை சிதறுகிறது என்ற விளக்கம் ஆசிரியருக்கு ரொம்பவே வசதியான விளக்கம், வைகைக்கரை. எந்தக் குறையையும் அதை வைத்து மூடிவிடலாம்.

நாவல், இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 செப்டம்பர் 1ஐத் திரும்ப நடித்துக் காட்டும் இடத்துக்கு வந்து சேர்வது மட்டும் எனக்குப் பிடித்தது. கடந்த காலத்துக்குத் திரும்பினால் அதன் போரும் கூடவே வரும். 2020இல் எழுதியது. இரண்டு ஆண்டில் உக்ரைன் மேல் படையெடுப்பு நடந்தது.

---

தாளும்மையும் எழுதியது:

பதிப்புத் தொழில் பக்கத்திலிருந்து சில செய்திகள். ஒரு சிறிய மொழியின் எழுத்தாளர் எப்படி உலகத்துக்குப் போகிறார் என்பதற்கு இவருடைய வாழ்க்கை நல்ல பாடம்.

'இயற்கை நாவல்' பல்கேரியனில் 1999. ஆங்கிலத்தில் 2005, சொர்னித்சா ஹ்ரிஸ்தோவா மொழிபெயர்ப்பு, டால்கி ஆர்க்கைவ் என்ற சிறு பதிப்பகம். 'துயரத்தின் இயற்பியல்' 2011. ஆங்கிலத்தில் 2015, மொழிபெயர்த்தவர் ஏஞ்சலா ரோடெல், பதிப்பகம் ஓப்பன் லெட்டர், அதுவும் சிறியதுதான். 'காலப் புகலிடம்' 2020, ஆங்கிலத்தில் 2022, மறுபடி ரோடெல். இடைவெளி குறைந்துகொண்டே வருவதைக் கவனியுங்கள். நடுவில் அவரைத் தூக்கிப் பிடித்தது ஆங்கில உலகம் கிடையாது. சுவிட்சர்லாந்தின் ஜான் மிகால்ஸ்கி பரிசு 2016இல் வந்தது. போலந்தின் ஆஞ்செலுஸ் பரிசு 2019இல். இத்தாலியின் ஸ்ட்ரேகா ஐரோப்பியப் பரிசு 2021இல், 'காலப் புகலிடம்' நாவலுக்கே. ஐரோப்பா கொண்டாடி முடித்த பிறகுதான் லண்டன் எழுந்து பார்த்தது.

ஏஞ்சலா ரோடெலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்கர். பல்கேரிய நாட்டுப்புற இசையின் மேல் வந்த ஈடுபாட்டால் அந்த நாட்டுக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். பாடுவார், நடித்தும் இருக்கிறார். 2014இல் பல்கேரியக் குடியுரிமையும் கிடைத்தது. ஒரு மொழியின் ஊரிலேயே குடியிருந்து, சந்தையில் பேரம் பேசி, சாவு வீட்டுக்குப் போய் வந்து மொழிபெயர்ப்பவர் கிடைப்பது அந்த மொழிக்கே வரம். புக்கரின் 50,000 பவுண்டை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த விதியை நான் மனதார வரவேற்கிறேன்.

2022இல் இந்தி, 2023இல் பல்கேரியன், 2025இல் கன்னடம். தமிழுக்கும் அந்த வாசல் திறந்துதான் இருக்கிறது. பரிசுக்கு ஏற்ற மாதிரி எழுதும் எழுத்தாளரைத் தேடுவதை விட்டுவிட்டு, ரோடெல் மாதிரி நம் மொழியில் ஊறிய மொழிபெயர்ப்பாளர்கள் நாலு பேருக்குச் சோறு போட வழி செய்தால் போதும்.

இன்னொரு தகவல்: பரிசு அறிவித்த நாள் மே 23 இரவு. மறுநாள் மே 24 பல்கேரியாவில் கல்வி, பண்பாடு, சிரிலிக் எழுத்துக்கான தேசிய விடுமுறை. பிள்ளைகள் பூவோடு பள்ளிக்குப் போகும் நாள். அந்த நாட்டுக்கு அந்த ஆண்டு விழா எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

---

திரைவிரும்பி எழுதியது:

புத்தகம் படிக்க நேரம் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: 'பிளைண்ட் வைஷா' குறும்படம். கோஸ்பொதினோவின் சிறுகதைதான் மூலம். இயக்கியவர் பல்கேரியாவில் பிறந்து கனடாவில் வாழும் தியோதோர் உஷெவ். வைஷா என்ற பெண்ணுக்கு இடது கண்ணில் கடந்த காலம் மட்டும் தெரியும், வலது கண்ணில் எதிர்காலம் மட்டும் தெரியும். நிகழ்காலம் தெரியவே தெரியாது. எதிரே வரும் மாப்பிள்ளை ஒரு கண்ணுக்குச் சிறு பையன், மறு கண்ணுக்குத் தொண்டுகிழவன். எட்டு நிமிடப் படம். மரச்செதுக்கு அச்சு போன்ற முரட்டுக் கோடுகள். 2017இல் ஆஸ்கர் இறுதிப் பட்டியல் வரை போனது.

உஷெவே 2019இல் 'துயரத்தின் இயற்பியல்' நாவலையும் அனிமேஷன் படமாக்கினார். உருக்கிய மெழுகில் நிறம் கலந்து தீட்டும் பழைய ஓவிய முறையில் செய்தது. கோஸ்பொதினோவ் நாடகங்களும் எழுதியிருக்கிறார், ஓப்பராவுக்கு வசனம் எழுதியிருக்கிறார், ஒரு சித்திர நாவலும் உண்டு.

---

ரைன்நதி எழுதியது:

'துயரத்தின் இயற்பியல்' பற்றி ஒரு கேள்வி எழுப்ப நினைத்தேன். 2010 இறுதியில் 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகை, வருமானத்தோடு ஒப்பிட்டால் உலகத்திலேயே சோகமான இடம் பல்கேரியா என்று எழுதியது. அடுத்த ஆண்டே இந்த நாவல் வந்தது. முதல் பதிப்பு வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்தது. மேற்கு ஐரோப்பாவில் சிலர் இவரைக் கிழக்கின் சோகத்துக்குத் தூதராகவே பார்க்கிறார்கள். அந்தப் பார்வையை அவரும் கொஞ்சம் வளர்த்துவிடுகிறாரோ?

---

இரவுவாசகி எழுதியது:

ரைன்நதி, அந்த நாவலைப் படித்தபோது எனக்கு நாட்டின் சோகம் முதலில் தெரியவில்லை. கைவிடப்பட்ட ஒரு குழந்தைதான் தெரிந்தது.

கதைசொல்லிக்குச் சின்ன வயதில் ஒரு விசித்திர நோய். மற்றவர்களின் நினைவுக்குள் நுழைந்துவிடுவான், அவர்கள் வலியைத் தன் வலியாக அனுபவிப்பான். அப்படி அவன் தாத்தாவின் பிள்ளைப் பருவத்துக்குள் போகிறான். முதல் உலகப் போர்க் காலம். தாத்தாவின் அப்பா போர்முனையில், வீட்டில் எட்டுப் பிள்ளைகள். மாவு அரைக்க எல்லோரும் வண்டியில் ஆலைக்குப் போகிறார்கள். திரும்பி வரும்போது மூன்று வயதுப் பையனான தாத்தாவை ஆலையிலேயே மறந்துவிட்டார்கள். பாதி வழியில் ஒரு மகள் கவனித்துச் சொல்கிறாள். தாய் உடனே பதில் பேசவில்லை. அந்த ஒரு கணம், பேசாமல் இருந்த அந்த ஒரு கணம்தான் நாவலின் மையம். ஒரு வாய் குறைந்தால் மற்றவை பிழைக்கும் என்ற எண்ணம் அவள் மனதில் ஓடியிருக்குமோ? அப்புறம் அந்தப் பெண்ணே குதித்து ஓடிப்போய்த் தம்பியைத் தூக்கி வருகிறாள்.

இதைக் கிரேக்கப் புராணத்தின் மினோட்டாரோடு சேர்க்கிறார். நாம் அதை மாட்டுத்தலை அரக்கன் என்று படித்தோம். கோஸ்பொதினோவ் அதை அரண்மனையின் அடித்தளத்தில் பூட்டி வைத்த சிறு பிள்ளையாகப் பார்க்கிறார். தவறு செய்தவர்கள் பெரியவர்கள், இருட்டில் அடைபட்டது குழந்தை. பழைய பல்கேரியாவில் தரைமட்டத்துக்குக் கீழே வீடு கிடைத்து, பெற்றோர் வேலைக்குப் போனதும் நாள் முழுக்கச் சன்னல் வழியாகத் தெருவில் போகும் கால்களை மட்டும் பார்த்து வளர்ந்த பையனும் அதே பிள்ளைதான்.

அவர் எழுதத் தொடங்கிய கதையும் இதைச் சேர்ந்ததுதான். பேட்டிகளில் பல முறை சொல்லியிருக்கிறார். ஆறேழு வயதில் பாட்டியிடம் வளர்ந்தபோது ஒரு கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்ததாம். அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் கிணற்றுக்குள் கிடக்கிறார்கள், தான் மட்டும் மேலே தனியாக நிற்கிறான். பாட்டியிடம் சொல்லப் போனால், கெட்ட கனவை வாயால் சொல்லாதே, பலித்துவிடும் என்றாராம் பாட்டி. நம் வீடுகளிலும் சொல்வார்கள் இல்லையா? சொல்லக் கூடாது என்பதால், அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த எழுத்துகளை வைத்து அந்தக் கனவை எழுதி வைத்தாராம். அதன் பிறகு அது வரவில்லை.

எனக்கு இவரை நம்பத் தோன்றுவது இதனால்தான். சோகத்தை விற்க எழுத வந்தவர் இப்படித் தொடங்கியிருக்க மாட்டார்.

---

வைகைக்கரை எழுதியது:

இரவுவாசகி சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகம் இல்லை. ரைன்நதியின் கேள்விக்கு மட்டும். அந்த எகனாமிஸ்ட் செய்தியை கோஸ்பொதினோவ் மறைக்கவில்லை, நேரடியாகப் பேசுகிறார். ஒரு நாட்டின் சோகத்தைப் புள்ளிவிவரமாகச் சொன்னால் அது அவமானம். ஆலையில் விடப்பட்ட மூன்று வயதுப் பையனாகச் சொன்னால் யார் வேண்டுமானாலும் அதற்குள் போகலாம். அந்த நாவல் போலந்துக்கும் இத்தாலிக்கும் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். அங்கேயும் அடித்தளச் சன்னல்கள் இருந்தன.

கடைசி நூலைப் பற்றி யாரும் பேசவில்லையே. 'மரணமும் தோட்டக்காரரும்' பற்றி யாராவது எழுதுங்கள்.

---

பனைநிழல் எழுதியது:

அதை நான் எழுதுகிறேன். இவருடைய புத்தகங்களில் எனக்கு எந்தப் புகாரும் இல்லாத ஒன்று அதுதான்.

அப்பா தோட்டம் வைத்திருந்தவர். பல ஆண்டுகளுக்கு முன்பு புற்றுநோயிலிருந்து மீண்டார், தோட்டமே அவரை இழுத்துப் பிடித்து வைத்திருந்தது. அப்புறம் நோய் திரும்பி வந்தது. அவருடைய கடைசி நாட்களையும் அதற்குப் பிந்தைய மாதங்களையும் மகன் எழுதுகிறார். என் அப்பா தோட்டக்காரராக இருந்தார், இப்போது தோட்டமாக இருக்கிறார் என்று நூல் தொடங்குகிறது. அந்தத் தலைமுறை ஆண்களைப் பற்றி இவர் எழுதுவது துல்லியமாக இருக்கிறது. பிள்ளையைக் கட்டிப்பிடிக்கத் தெரியாது, அன்பாகப் பேசத் தெரியாது. தக்காளியும் உருளைக்கிழங்கும் விளைவித்துக் கொடுத்துவிட்டால் எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று நினைப்பவர்கள். வலியைப் பற்றிக் கேட்டால், பயப்பட ஒன்றுமில்லை என்ற ஒரே பதில்.

இதிலும் துண்டுகள்தான். ஆனால் ஒரே ஒரு மனிதரை விட்டு நகராத துண்டுகள். 'காலப் புகலிடம்' நாவலில் நான் எதைத் தேடினேனோ அது இங்கே இருக்கிறது. அரசியல் பற்றி ஒரு வரி அதிகம் கிடையாது, ஆனாலும் அந்த நாட்டின் அறுபது எழுபது ஆண்டு வாழ்க்கை அந்தத் தோட்டத்து வேலிக்குள் வந்துவிடுகிறது. வைகைக்கரை முதலில் சொன்ன வாதத்துக்கு இந்த நூல்தான் சரியான சாட்சி என்பேன். இங்கே நேசம் மட்டும்தான், பயம் கிடையாது. நினைவைப் பறித்துக்கொண்டு போக யாரும் வரவில்லை.

---

புதுவாசகன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நீளமான பதில்களை எல்லாம் இரண்டு முறை படித்தேன். அப்படியானால் எந்த வரிசை?

---

வைகைக்கரை எழுதியது:

முதலில் 'பிளைண்ட் வைஷா' குறும்படம். பிடித்திருந்தால் 'துயரத்தின் இயற்பியல்'. அதைக் கதையாகப் பிடிக்க முயலாமல் ஒரு நாளைக்குக் கொஞ்சம் என்று படியுங்கள், அத்தியாயங்கள் சின்னவை. பிறகு 'காலப் புகலிடம்'. அப்பா அம்மா உடல்நலம் பற்றிய கவலையில் இருக்கிறீர்கள் என்றால் பனைநிழல் சொன்ன நூலைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள், அது மனதை அழுத்தும். 'இயற்கை நாவல்' கடைசியில்.

அடுத்த வாரம் திரு. என். வரும் பக்கங்களை மட்டும் எடுத்துத் தனி இழையில் பேசலாம் என்று நினைக்கிறேன். பனைநிழலும் இரவுவாசகியும் தொடங்கி வைத்தால் நன்றாக இருக்கும். அந்த ஏஜென்ட்டை மன்னிக்கலாமா கூடாதா என்று நாம் இன்னும் பேசவே இல்லை.